கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடும் நீர்

1

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் போய் கம்ப்யூட்டர் விலை கேட்டாலும் ஒரு தாளை நீட்டுவார்கள். அதற்குக் கொட்டேஷன் என்று பெயர். ப்ராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள். எதிரே விலை. கடைசியில் 18 சதவீத ஜிஎஸ்டியோடு கூட்டுத்தொகை. இந்தத் தாளை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பது என் எண்ணம். அதை எழுதியவர் எதற்கு ஆசைப்படுகிறார், எதற்குப் பயப்படுகிறார், யார் கண்ணில் படவேண்டும் என்று நினைக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பன்னிரண்டு வரிகளுக்குள் இருக்கும். கொட்டேஷன் என்ற சொல்லுக்கு மேற்கோள் என்றும் பொருள் இருப்பது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமான தற்செயல். நான் பார்த்த கொட்டேஷன்களில் பாதிக்கு மேல் யாரோ எங்கோ கட்டிய ஒரு கணினியின் மேற்கோள்கள்.

இந்த வகைமைக்குள் உச்சம் என்று கருதப்படுவது கஸ்டம் லூப், அதாவது குழாய், பம்ப், ரேடியேட்டர் என்று தனித்தனியாக வாங்கிக் கோர்த்து, நீரால் குளிர்விக்கப்படும் கேமிங் கணினி. நீங்கள் படம் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி. உள்ளே நேர்கோட்டில் வளைந்து செல்லும் கண்ணாடி போன்ற குழாய்கள். அதில் ஊதாவோ பச்சையோ ஒரு திரவம். பத்து விசிறிகள், பத்திலும் விளக்கு.

இதைப் பற்றி இலக்கிய இதழில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். என் தலைமுறையிலும் அடுத்த தலைமுறையிலும் கவிதை எழுதாத, ஓவியம் வரையாத பல பேர் தங்கள் அழகுணர்ச்சி மொத்தத்தையும் கொட்டுகிற இடம் இது. நிறம், கோடு, சமச்சீர், இடைவெளி என்று மாதக்கணக்கில் யோசித்துச் செய்கிறார்கள். ஆனால் இதற்கு வரும் விமர்சனமெல்லாம் எத்தனை எஃப்பிஎஸ், எத்தனை டிகிரி என்பதோடு நின்றுவிடுகிறது. இது எப்படிப்பட்ட பொருள், எதைச் சொல்கிறது, சொல்வதில் எவ்வளவு உண்மை என்று கேட்கிற விமர்சனம் குறைவு. லட்சக்கணக்கில் காசு போட்டுச் செய்யப்படும் ஒரு கலைப்பொருள் அந்த அளவு மரியாதைக்காவது உரியதுதானே.

2

நீரால் கணினியைக் குளிர்விப்பது பழைய விஷயம். 1985ல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளலாம். சீமோர் க்ரே அதன் சர்க்யூட் பலகைகளை அவ்வளவு நெருக்கமாக அடுக்கிவிட்டதால், காற்று நுழைந்து குளிர்விக்க இடமில்லை. ஆகவே மின்சாரம் கடத்தாத ஃப்ளூரினெர்ட் என்ற திரவத்தில் பலகைகளை மொத்தமாக மூழ்கடித்தார். சூடான திரவம் பக்கத்தில் இருந்த தொட்டியில் அருவி மாதிரி விழுந்து குளிர்ந்து திரும்பும். அந்தக் கணினிக்குக் குமிழி என்று செல்லப்பெயர் வந்தது. இங்கே மீன்பிடிக்கக் கூடாது என்று ஆய்வகத்து ஆட்கள் விளையாட்டாக அட்டை எழுதி வைத்தார்களாம். எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் அந்த அருவி அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வேறு வழியில்லாததால் செய்தார்கள், செய்தபின் அழகாகவும் இருந்தது.

அடுத்த அத்தியாயம் வீட்டில் நடக்கிறது. 1998ல் இன்டெல்லின் செலரான் 300ஏ என்ற மலிவான ப்ராசஸர் வந்தது. 300 மெகாஹெர்ட்ஸுக்கு விற்கப்பட்டதை 450க்கு ஓட்டலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். காசில்லாதவனுக்கு ஐம்பது சதவீதம் வேகம் இலவசம். வேகத்தைக் கூட்டினால் சூடு கூடும். அந்தச் சூட்டைச் சமாளிக்க, அந்தக் காலகட்டத்து ஆர்வலர்கள் காரில் இருக்கும் ஹீட்டரின் சிறு ரேடியேட்டரைக் கழற்றினார்கள், மீன்தொட்டிப் பம்பைப் பிடித்தார்கள், ப்ளம்பிங் கடையில் ட்யூப் வாங்கினார்கள். பார்க்க ஏதோ ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். ஆனால் அதில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் இருந்தது.

பிறகு கம்பெனிகள் வந்தன. 2004ல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5ன் 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடலில் நீர்க் குளிர்விப்பை வைத்தது. அலுமினியப் பெட்டிக்குள் யாருக்கும் தெரியாதபடி. சில வருடங்கள் கழித்து அவற்றில் சில கசிந்து உள்ளேயே அரித்தபோதுதான் பல பேருக்கு உள்ளே நீர் இருந்ததே தெரிந்தது. 2009ல் டென்மார்க்கின் அசெடெக் தயாரித்துக் கோர்சேர் விற்ற ஹெச்50, பம்பையும் பிளாக்கையும் ஒன்றாக்கி, மூடி சீல் வைத்து, கடையில் வாங்கி நான்கு ஸ்க்ரூவில் மாட்டும் பொருளாக்கியது. அதோடு நீர்க் குளிர்விப்பு சாமானியர் கைக்கும் வந்தது. தானே கோர்ப்பவர்களுக்கு வேகம் என்ற காரணமும் மெல்ல உதிர ஆரம்பித்தது. ப்ராசஸர்கள் கடையிலிருந்து வரும்போதே தங்கள் உச்ச வேகத்தில் வருகின்றன. ஓவர்க்ளாக் செய்து பெறுவதற்கு மிச்சம் அதிகமில்லை. காரணம் போனபின் வடிவம் மட்டும் தங்கியது. தங்கியது மட்டுமல்ல, வளர்ந்தது, கண்ணாடியும் விளக்கும் வாங்கிக்கொண்டது.

காரணம் போன வடிவம் என்பதால் மட்டும் அது போலி ஆகிவிடாது. மழை பெய்யாத ஊரிலும் சாய்வுக்கூரைக்கு ஒரு அழகு உண்டு. ஆனால் அப்படிப்பட்ட வடிவம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைக் கவனிக்கவேண்டியிருக்கிறது.

3

என் சித்தி பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். மூன்று வருடமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் கணினி வாங்கப்போவதாகச் சொல்லி ஒரு கொட்டேஷனை வாட்ஸாப்பில் அனுப்பினான். "அண்ணா, ஒருவாட்டி பாத்துட்டு சொல்லுங்க. எதுவும் குறையக் கூடாது." நான் பார்த்ததில் குறை எதுவும் இல்லை. எல்லாமே உச்சம். ரைசன் 7 9800எக்ஸ்3டி, ஆர்டிஎக்ஸ் 5090, 64 ஜிபி டிடிஆர்5-6000, 1200 வாட் எஸ்எம்பிஎஸ், லியான் லி ஓ11 டைனமிக் கேபினெட், மூன்று 360 ரேடியேட்டர், டி5 பம்ப், கெட்டிக் குழாய், ஊதா கூலன்ட்.

இந்தப் பட்டியலை வாசிப்போம். முதல் வரி நல்ல வரி. 2024 நவம்பரில் வந்த அந்த ப்ராசஸரில் கூடுதல் கேஷ் நினைவகத்தை ஏஎம்டி கோர்களுக்கு மேலே ஒட்டாமல் அடியில் வைத்தது. முந்தைய மாடல்களில் அந்தக் கேஷ் போர்வை மாதிரி மேலே கிடந்து சூட்டைத் தடுத்தது. இப்போது கோர்கள் கூலருக்கு நெருக்கமாக இருக்கின்றன. மதிப்பிடப்பட்ட வெப்பம் 120 வாட். நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இரட்டை விசிறிக் காற்றுக் கூலர் இதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளும். ஆகவே ப்ராசஸருக்காக நீர் என்ற வாதம் முதல் வரியிலேயே விழுந்துவிடுகிறது.

இரண்டாவது வரி வேறு கதை. 2025 ஜனவரியில் வந்த 5090 கார்டு 575 வாட் வரை இழுக்கும். முந்தைய 4090 450 வாட். இந்தியாவில் இரண்டு லட்சத்துக்கு மேல் விலை. இந்த 575 வாட்டும் 16 முள் கொண்ட ஒரே கனெக்டர் வழியாகப் போகவேண்டும். 600 வாட்டுக்கு மதிப்பிடப்பட்ட அந்தக் கனெக்டரில் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். 2022ல் 4090 வந்த சில வாரங்களில் அந்தக் கனெக்டர்கள் உருகிய படங்கள் வரத்தொடங்கின. பிறகு முள்களின் நீளத்தை மாற்றித் திருத்திய வடிவம் வந்தது. கேபிளை முழுசாக உள்ளே தள்ளவேண்டும், வாயருகே மடக்கக்கூடாது. கண்ணாடி கேபினெட்டில் அழகுக்காகக் கேபிளை நெருக்கி மடக்குகிற பழக்கத்துக்கு எதிரான அறிவுரை இது. யாரும் அதைக் கொட்டேஷனில் எழுதுவதில்லை.

சரி, 575 வாட்டுக்காவது நீர் வேண்டுமா? என்விடியாவே அந்தக் கார்டை இரண்டு ஸ்லாட் தடிமனில் இரண்டு விசிறியோடு விற்கிறது. காற்றிலேயே ஓடுகிறது. நீர் போட்டால் இன்னும் குளிரும், இன்னும் அமைதியாகும். அது நிஜமான லாபம். ஆனால் நீர் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளவேண்டும். நீர் சூட்டை அழிப்பதில்லை, தூக்கிக்கொண்டு போகிறது. சிறிய சில்லிலிருந்து பெரிய ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், அங்கே விசிறி அதைக் காற்றில் கொட்டுகிறது. கடைசியில் எல்லாம் காற்றுக் கூலிங்தான். ஒரு லிட்டர் நீர் ஒரு நிமிடத்தில் ஓடினால் 70 வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில் 700 வாட்டும் சேர்ந்து நீரை இரண்டரை டிகிரிதான் ஏற்றும். ஆகவே முதலில் ப்ராசஸரா முதலில் கார்டா, நடுவில் ரேடியேட்டர் வைக்கவேண்டுமா என்று நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி வீண். குழாயை எப்படி வசதியோ அப்படி விடலாம். ரேடியேட்டர் பரப்புதான் கணக்கு. ஒவ்வொரு 120 மில்லிமீட்டர் விசிறிக்கும் சுமார் 100 வாட் என்று ஆர்வலர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இந்தப் பட்டியலின் மூன்று ரேடியேட்டர்கள் அதிகமில்லை, அளவுதான்.

இங்கேதான் நம் ஊர் உள்ளே வருகிறது. எத்தனை ரேடியேட்டர் போட்டாலும் நீர் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. மே மாதம் சென்னையில் அறை 35 டிகிரி என்றால் லூப்பில் நீர் 45ஐத் தொடும். இந்தக் கணினிப் படங்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறைகளில் எடுக்கப்பட்டவை. பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினால் 700 வாட் என்பது ஒரு சிறிய ரூம் ஹீட்டர். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும் என்று வைத்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு கணினிக்கே போய்விடும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால் 2.8 யூனிட். இரண்டு மாத பில்லில் 168 யூனிட், ஏசி சேர்க்காமல். சித்தி வீட்டுக்கு 2025ல் அரசு தந்த 100 யூனிட் இலவசத்தை இந்தப் பெட்டி தனியாகவே விழுங்கியிருக்கும். "இதை யாருமே சொல்லலையே அண்ணா" என்றான். பெஞ்ச்மார்க் சொல்லாது. அது அறைக்கு வெளியே உள்ள உலகத்தைப் பார்ப்பதில்லை.

"நீ ஜாஸ்தியா என்னடா விளையாடுற?" என்று கேட்டேன். "வேலரன்ட்தான். அப்பப்ப சைபர்பங்க்." வேலரன்ட் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடக்கூடியது.

4

அப்படியென்றால் அவன் எதற்கு ஆசைப்படுகிறான்? கேபினெட் வரியைப் பார்த்தால் தெரியும்.

லியான் லி தைவான் கம்பெனி. பல வருடம் அலுமினியக் கேபினெட்டுகளுக்குப் பேர்போனது. 2018ல் ஜெர்மன் ஓவர்க்ளாக்கர் டெர்பாவரோடு சேர்ந்து ஓ11 டைனமிக்கைக் கொண்டுவந்தது. முன்பக்கமும் இடப்பக்கமும் கண்ணாடி. முன்னால் விசிறி கிடையாது. மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மூன்று இடங்களில் ரேடியேட்டர். மதர்போர்டுக்குப் பின்னால் இன்னொரு அறை. எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க், கேபிள் குவியல் எல்லாம் அங்கே. இன்று மூலைத்தூண் இல்லாத மீன்தொட்டிக் கேபினெட்டுகள் என்று ஊரெங்கும் விற்பவற்றில் பெரும்பாலானவை இதன் வம்சம். வடிவமைப்பாகப் பார்த்தால் இது நல்ல வேலை என்றே சொல்வேன். காற்று கீழிருந்து வந்து மேலே போகும் பாதை தெளிவாக இருக்கிறது, இடமும் தாராளம்.

ஆனால் இது ஒரு மேடை. மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறை. முன் அறையில் நாம் பார்ப்பது கணினியின் உட்புறம் என்று நினைக்கிறோம். உண்மையில் உட்புறம் பின் அறையில் இருக்கிறது. முன்னால் தெரியும் கேபிள்களே பல சமயம் நிஜக் கேபிள் இல்லை. துணி சுற்றிய எக்ஸ்டென்ஷன்கள். சீப்பு வைத்து வாரிவிட்டிருப்பார்கள். நிஜக் கேபிள் பின்னால் முடிச்சாகக் கிடக்கும்.

தமிழ் நடுத்தர வர்க்கத்து வீட்டு ஹாலில் ஒரு ஷோகேஸ் இருக்கும். நகரும் கண்ணாடிக் கதவு. உள்ளே தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை, பையன் ஸ்கூலில் வாங்கிய கப், துபாயிலிருந்து வந்த கிரிஸ்டல் அன்னம், யாரும் டீ குடிக்காத டீ செட். அந்த டீ செட் நம் வீட்டிலேயே நல்ல டீ செட். அதனாலேயே அதில் யாரும் டீ குடிப்பதில்லை. சித்தி வீட்டு ஹாலிலும் ஒன்று இருக்கிறது. பையன் கட்ட நினைத்த கணினிக்கும் அதற்கும் நேரடி உறவு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இதில் கேலி இல்லை. நாங்களும் ஒரு இடத்துக்கு வந்துவிட்டோம் என்று சொல்வதற்கு அந்த வீடுகளுக்கு ஒரு கண்ணாடி தேவைப்பட்டது. ஷிஃப்ட் முடித்துவந்து ஹெட்செட் மாட்டும் பையனுக்கும் அது தேவைப்படுகிறது. அந்தத் தேவையைக் கிண்டல் செய்யும் விமர்சனம் வெறும் வர்க்கத் திமிர்தான்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. 2022ல் ஸ்வீடனின் ஃப்ராக்டல் டிசைன் விட்ட நார்த் கேபினெட்டின் முகப்பில் வால்நட் அல்லது ஓக் மரச்சட்டங்கள். ஹாலில் வைத்தால் அலமாரியோடு அலமாரியாகிவிடும். இதைப் பக்குவமான ரசனை என்பார்கள். எனக்கு அதிலும் சந்தேகம் உண்டு. ஒன்று மேடை, இன்னொன்று மாறுவேடம். மேடையாவது நான் மேடை என்று சொல்கிறது.

5

என் உண்மையான புகார் குழாயில் இருக்கிறது.

நம் காலத்துப் பொருட்கள் எல்லாம் மூடிக்கொண்டுவிட்டன. போனின் பேட்டரியை நாம் கழற்ற முடியாது. லேப்டாப்பில் ராமைப் போர்டோடு சாலிடர் செய்துவிடுகிறார்கள். இந்தச் சூழலில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஒன்றுதான் ஸ்க்ரூ டிரைவரோடு அணுகக்கூடியதாக மிஞ்சியிருக்கிறது. ராம் போதவில்லையா, இன்னொன்று செருகு. எஸ்எம்பிஎஸ் போச்சா, அதை மட்டும் மாற்று. ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க நின்றுகொண்டிருப்பது இந்த ஒரு சுதந்திரத்தின் மேல்தான். கண்ணாடிப் பெட்டி இந்தச் சுதந்திரத்தின் கொண்டாட்டமாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது: பாருங்கள், எங்களுக்கு மறைக்க எதுவுமில்லை, ஒவ்வொரு பாகமும் நாங்களே தேர்ந்தெடுத்தது.

கெட்டிக் குழாய் இந்த இடத்தில் பொய் சொல்கிறது. அக்ரிலிக் அல்லது பிஇடிஜி குழாயை ஹீட் கன்னால் சூடாக்கி, உள்ளே சிலிக்கான் கயிறு விட்டு, கோணம் பார்த்து வளைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மட்டும்தான் பொருந்தும். குழாய் பாதையில் குறுக்கே நின்றால் ராம் மாற்றுவதற்கே லூப்பை வடிக்கவேண்டிவரும். கார்டு மாற்றினால் குழாய்களைப் புதிதாக வளைக்கவேண்டும். கார்டின் மேல் போடும் வாட்டர் பிளாக் அந்தக் குறிப்பிட்ட போர்டுக்கென்று வெட்டப்பட்டது. அடுத்த கார்டுக்கு உதவாது, அதே சில்லுள்ள வேறு கம்பெனிக் கார்டுக்கே உதவாமல் போகலாம். கார்டோடு வந்த ஒரிஜினல் கூலரைப் பத்திரமாக எடுத்துவைக்காவிட்டால் விற்கவும் முடியாது, வாரண்டிக்கு அனுப்பவும் முடியாது. இவ்வளவு திறந்து காட்டும் பொருள்தான் திறப்பதற்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. பார்க்க முடிகிறது என்பதால் தொட முடியும் என்று நாம் நம்பிவிடுகிறோம். போனும் இதுவும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. போன் கருப்பாக மூடிக்கொண்டது, இது வெளிச்சம் போட்டு மூடிக்கொண்டது.

கூலன்டும் இதே கதை. பால் மாதிரி ஒளிபுகாத நிறத் திரவங்கள் படத்துக்கு அழகு. அந்த நிறம் நுண்துகள்களால் வருவது. பிளாக்குக்குள் இருக்கும் மயிரிழைச் சந்துகளில் நாளாக ஆக அது படியும். நிறமற்ற, அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட் அலுப்பாக இருக்கும், ஆனால் சுத்தமாக இருக்கும். நிறம் வேண்டுமென்றால் குழாய்க்கு விளக்கு போட்டுக்கொள்ளலாம். செம்பும் நிக்கலும் இருக்கும் லூப்பில் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்கவே கூடாது. இரண்டு உலோகமும் நீரும் சேர்ந்தால் அது மெதுவான ஒரு பேட்டரி, அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும். விலை மலிவாக ரேடியேட்டர் கிடைத்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

இந்த வாதத்துக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சாட்சி வருகிறது. நீர் மறுபடியும் நிஜமாகவே தேவைப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது: செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள். 2024ல் என்விடியா அறிவித்த ஜிபி200 என்விஎல்72 என்ற அடுக்கில் 72 கிராபிக்ஸ் சில்லுகள் ஒரே பீரோ அளவு சட்டத்தில் இருக்கின்றன. மொத்தம் சுமார் 120 கிலோவாட். அங்கே காற்று மட்டும் போதாது. அந்த நீர் எப்படி ஓடுகிறது? ஹோஸ்களில். தட்டைக் கழற்றினால் தானாக மூடிக்கொள்ளும் குவிக் டிஸ்கனெக்ட் இணைப்புகளில். நிறமில்லை, கண்ணாடியில்லை. ஏனென்றால் அங்கே ஒரு தட்டு பழுதானால் மற்றவற்றை வடிக்காமல் அதை மட்டும் இழுத்தெடுக்க வேண்டும். தேவை உள்ள இடத்தில் நீர், திறக்கத் தோதான வடிவத்தை எடுத்துக்கொள்கிறது.

6

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கெட்டிக் குழாய் வளைப்பது கைத்தொழில். நான் தெரிந்த ஒருவர் ஒரு வளைவுக்காக எட்டுக் குழாய் வீணாக்கினார். ஒன்பதாவதைப் பொருத்தியபோது அவர் முகத்தில் இருந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவர் அந்த லூப்பைக் காற்றழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தார். எஸ்எம்பிஎஸ்ஸின் 24 முள் கனெக்டரில் ஜம்பர் போட்டு, மதர்போர்டுக்கு மின்சாரமே போகாமல் பம்பை மட்டும் இரவெல்லாம் ஓடவிட்டார். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். அவருக்கு அந்தப் பெட்டி மூடிய பொருள் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வடித்து, கழுவி, நிரப்புவது அவருக்குத் தண்டனையும் இல்லை. மீன் வளர்ப்பவர் தொட்டி கழுவுகிற மாதிரி அதுவும் அந்தப் பொழுதின் பகுதி. கையால் செய்தவனுக்கு அது எப்போதும் திறந்தே இருக்கிறது.

இந்த மறுப்பை நான் முழுசாக ஏற்கிறேன். ஆகவே என் புகார் அவர் மேல் இல்லை. அந்த வடிவத்தைக் கடையில் கட்டித்தரச் சொல்லி வாங்குவதன் மேல். கட்டியவர் வேறு ஒருவர் என்றால், அவர் ஃபோன் எடுக்கிறவரைக்கும்தான் அது உங்கள் கணினி. கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ ஒரு ஓ-ரிங் கசிந்தால் எந்தக் கடைக்குத் தூக்கிப்போவீர்கள்? நீர் நிரம்பிய, கண்ணாடி போட்ட பெட்டியை எந்தக் கூரியரில் அனுப்புவீர்கள்?

சித்தி பையனோடு இதெல்லாம் மூன்று ராத்திரி பேசினேன். "அப்ப தண்ணியே வேணாம்னு சொல்றீங்களா?" என்று ஒரு கட்டத்தில் கோபமாகவே கேட்டான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொட்டேஷனைத் தலைகீழாக வாசிக்கச் சொன்னேன். சில்லுகள் இரண்டு, மூன்று வருடத்தில் பழசாகும். பம்ப், ரேடியேட்டர், ஃபிட்டிங், எஸ்எம்பிஎஸ், கேபினெட், இவை நல்லதாக வாங்கினால் பத்து வருடம் நிற்கும். காசை முதலில் நிற்பதில் போடு, மிச்சத்தில் பழசாவதை வாங்கு. ப்ராசஸர் அதுவே இருக்கட்டும். ஏஎம்5 சாக்கெட்டில் பின்னால் வேறொன்றும் போடலாம். ஆனால் 4கேயில் விளையாடினால் அதன் அருமை அதிகம் தெரியாது, அங்கே கார்டுதான் எல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். கார்டு ஒரு படி இறங்கலாம். மென்மையான ஈபிடிஎம் ரப்பர் ட்யூப், நிறமற்ற கூலன்ட், ஒரு வடிகால் வால்வு, இரண்டு ஜோடி குவிக் டிஸ்கனெக்ட். அல்லது நீரையே விட்டுவிடலாம். பம்ப், பிளாக், ரேடியேட்டர், ஃபிட்டிங் எல்லாம் கூட்டினால் வரும் தொகையில் நடுத்தரமான ஒரு முழுக் கணினியே வந்துவிடும்.

அவன் கடைசியில் என்ன வாங்கினான் என்றால், ஒரு படி கீழே உள்ள கார்டு, ஒரு பெரிய காற்றுக் கூலர், அதே ஓ11. கேபினெட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 2025 இறுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறியபோது 64ஐ 32ஆகக் குறைத்துக்கொண்டான், இன்னொரு ஜோடியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று. நான்கு பட்டையும் போட்டால் ஏஎம்5ல் வேகம் குறையும், பின்னால் வாங்குவதென்றால் பழைய ஜோடியை விற்றுவிட்டு மாற்று என்றேன். தண்ணீர் இல்லாத மீன்தொட்டி என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்களாம். "தண்ணி பின்னாடி விட்டுக்கலாம் அண்ணா, இடம் இருக்குல்ல" என்கிறான். அது எனக்கு நல்ல பதிலாகப் பட்டது.

7

ஒரு கணினியை எப்படி மதிப்பிடுவது? வேகத்துக்கு எண் இருக்கிறது, சூட்டுக்கு எண் இருக்கிறது, சத்தத்துக்கு எண் இருக்கிறது. இந்த வகைமைக்கு இன்னொரு அளவுகோலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்: அதன் சொந்தக்காரர், தன் வீட்டில், தன்னிடம் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரோடு, எந்தப் பாகத்தையும் கழற்றி மாற்ற எத்தனை நிமிடம் ஆகும்? காற்றுக் கூலர் போட்ட சாதாரணப் பெட்டியில் கார்டு மாற்றப் பத்து நிமிடம். குவிக் டிஸ்கனெக்ட் வைத்த மென்குழாய் லூப்பில் ஒரு அரை மணி நேரம். கெட்டிக் குழாயில், வளைக்கத் தெரிந்தவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெரியாதவருக்கு அந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் அவர் திறக்கப்போவதில்லை.

அழகு இந்த அளவுகோலுக்கு எதிரி இல்லை. ரப்பர் ட்யூபின் தளர்ந்த வளைவிலும் அழகு இருக்கிறது; கண் பழகவேண்டும், அவ்வளவுதான். கருப்பு ட்யூப், கழற்றத் தோதான இணைப்பு, கையெட்டும் இடத்தில் வடிகால் என்று கட்டப்பட்ட ஒரு லூப்பைப் பார்க்கும்போது, இதைக் கட்டியவர் அடுத்த வருடத்தையும் யோசித்திருக்கிறார் என்பது தெரியும். இப்போது பாராட்டப்படும் படங்களில் தெரிவது பெரும்பாலும் கட்டி முடித்த அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான். மறுநாளிலிருந்து தூசி படியும், திரவம் மங்கும், புதுக் கார்டு வரும். அந்த நாட்களுக்கும் இடம் வைத்திருக்கும் கணினிகளின் படங்களை யாராவது போட ஆரம்பித்தால், நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.